தண்ணியில ஆடுன பொம்மையும் தண்ணி காட்டுன நாமளும்

இப்பல்லாம் அம்பத்தூர்ல யாரைக் கேட்டாலும் வியட்நாம் போயிட்டு வந்தேங்கறாங்க. முன்னாடி ஊட்டி, கொடைக்கானல் இருந்த இடத்தை இப்ப அந்த ஊர் பிடிச்சிருச்சு. ஊரோட ஒத்து வாழணும் இல்லையா? போன வருஷம் நானும் தங்கமணியும் பையனும் கிளம்பிட்டோம். எங்க குடியிருப்புல இருந்தே இன்னும் ரெண்டு குடும்பமும் கூட வந்தாங்க. பயப்படாதீங்க, பயணக் கட்டுரை எழுதற உத்தேசம் இல்லை. ஒரே ஒரு சாயங்காலத்தைப் பத்தி மட்டும் சொல்லப்போறேன். அதுவும் சண்டை போடறதுக்காக.

ஹனோய் ஊருக்கு நடுவுல ஹோவான் கியெம்னு ஒரு ஏரி. அதுக்குப் பக்கத்துலயே தாங் லாங் நீர்ப் பொம்மலாட்ட அரங்கம். 1969-ல ஆரம்பிச்சது, அதாவது அமெரிக்காவோட சண்டை நடந்துட்டு இருந்த காலத்துல. நாடே யுத்தத்துல இருக்கும்போது பொம்மலாட்டத்துக்கு ஒரு குழுவை உருவாக்கியிருக்காங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

டிக்கெட் நம்ம காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கம். உள்ளே போனா மேடைக்குப் பதிலா ஒரு குளம். குளத்துக்குப் பின்னாடி கோயில் மண்டபம் மாதிரி ஒரு அமைப்பு, அதுல மூங்கில் திரை. பக்கவாட்டுல பாட்டுக்காரங்க, வாத்தியக்காரங்க. ஆட்டம் முழுக்க அவங்க பாஷையிலதான், ஒரு வார்த்தை புரியாது. ஆனா புரியலைன்னு யாரும் எழுந்து போகலை.

முதல்ல கோமாளி வந்தாரு. பேரு தேவ். குண்டா, சட்டை போடாம, சிரிச்ச முகமா வந்து சபைக்கு வணக்கம் சொல்றாரு. அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து டிராகன் வந்து நெருப்பு கக்குது. நாத்து நடறாங்க, தவளை பிடிக்கறாங்க. வாத்தைப் பிடிக்க வந்த நரியை விரட்டிக்கிட்டு ஓடறாங்க. கடைசிப் பக்கம் அந்த ஏரியோட கதை. மிங் படையை விரட்டின லே லோய் ராஜாகிட்ட ஒரு ஆமை வந்து, "வேலை முடிஞ்சுதுல்ல, வாளைக் குடு"ன்னு திருப்பி வாங்கிட்டுப் போகுது. ஹோவான் கியெம்னாலே திருப்பிக் குடுத்த வாள்னுதான் அர்த்தமாம். கதையை உள்ளே பார்த்துட்டு வெளியே வந்தா, அதே ஏரி எதிர்ல நிக்குது!

கயிறு எங்கே, கம்பு எங்கேன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலை. நீளமான மூங்கில் கம்போட நுனியில பொம்மை. கம்பும் கயிறும் தண்ணிக்கு அடியில. ஆட்டறவங்க திரைக்குப் பின்னாடி இடுப்பளவு தண்ணியில நிக்கறாங்க. தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கறதால நமக்கு ஒண்ணும் தெரியறதில்லை. பொம்மை செய்யற மரம் நம்ம ஊர் அத்தி மரம்தான், மேலே அரக்குப் பூச்சு. அத்தியைத் தண்ணியில வைக்கறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. காஞ்சிபுரத்துல குளத்துக்குள்ள இருந்து 40 வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வர்ற அத்தி வரதரை 2019-ல பார்க்க நம்ம பூந்தமல்லி ரோடே பிதுங்கி வழிஞ்சதே!

ஆட்டம் முடிஞ்சதும் திரையைத் தூக்கினாங்க. ஆட்டினவங்க எல்லாரும் தண்ணியில நடந்து முன்னாடி வந்து வரிசையா நின்னு கும்பிட்டாங்க. மொத்த அரங்கமும் கை தட்டுச்சு.

வெளியே வந்ததும் கூட வந்த நண்பர் ஆரம்பிச்சாரு. "என்னமா வச்சிருக்கான் பாருங்க சார்! நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணாவது இருக்கா? எல்லாத்தையும் அழிய விட்டுட்டானுங்க."

'ட்டானுங்க'. இந்த ஒரு விகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி எங்க குடியிருப்போட ஆண்டு விழா. கலை நிகழ்ச்சிக்குப் பொறுப்பு ஐயாதான். "எப்பவும் சினிமா டான்ஸ்தானா, நம்ம பாரம்பரியமா ஏதாவது வைப்போம்"னு கமிட்டியில நான்தான் வீரமாப் பேசி, கும்பகோணம் பக்கத்துல இருந்து ஒரு பொம்மலாட்டக் குழுவைக் கூட்டிட்டு வந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆட்டம், சீதா கல்யாணம், தொகை இருபதாயிரம்னு பேச்சு. மத்தியானமே வேன்ல மரப்பெட்டிகளோட வந்து இறங்கி, கறுப்புத் துணி கட்டி, கயிறு முறுக்கெல்லாம் எடுத்துத் தயாரா உட்கார்ந்துட்டாங்க.

நம்ம விழா எப்படிப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா? சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை, குலுக்கல் பரிசு, ஏழு சினிமா பாட்டுக்கு டான்ஸ். மணி ஒன்பது ஆயிடுச்சு. நான் திரைக்குப் பின்னாடி போய் அந்தப் பெரியவர்கிட்ட, "ஐயா, பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுங்க"ன்னேன்.

"தம்பி, வில்லை ஒடிக்கற இடம் வர்றதுக்கே முக்கால் மணி நேரம் ஆகுமே"ன்னாரு.

"நேரா வில்லை ஒடிக்கறதுல இருந்தே ஆரம்பிங்களேன்." இதைச் சொல்லிட்டு நான் சிரிக்க வேற செஞ்சேன்.

ஆடினாங்க. நடுவுல மைக்ல "சாப்பாடு ரெடி"ன்னு அறிவிப்பு. பாதி நாற்காலி காலி. ராமர் வில்லை ஒடிச்சப்போ எதிர்ல இருந்தது பத்துப் பதினஞ்சு பசங்களும், எழுந்திருக்க முடியாத நாலு பாட்டிகளும்தான். இதோட விட்டேனா? "முழு நிகழ்ச்சி நடக்கலையே"ன்னு சொல்லி பதினஞ்சாயிரம்தான் குடுத்தேன். நேரத்தை வெட்டினதும் நான், அதைக் காரணம் காட்டிக் காசை வெட்டினதும் நான். கமிட்டியில பாராட்டினாங்க, செலவை மிச்சம் பண்ணிட்டேனாம். பெரியவர் எண்ணிக்கூடப் பார்க்காம பையில வச்சுக்கிட்டு பொம்மைகளைத் துணியில சுத்த ஆரம்பிச்சாரு.

இப்ப சொல்லுங்க மக்களே, அழிய விட்டது யாரு? 'ட்டானுங்க'ளா, 'ட்டோமா'?

நம்ம பொம்மலாட்டம் ஏதோ லேசுப்பட்ட சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. நாலு நாலரை அடி உயரம், பத்து கிலோ வரைக்கும் எடை இருக்கற மரப்பொம்மை. அதோட கயிறெல்லாம் ஆட்டறவர் தலையில மாட்டியிருக்கற ஒரு வளையத்துல இருந்து தொங்கும். கைக்குத் தனியாக் கம்பி. அதாவது பத்து கிலோவைத் தலையில சுமந்துக்கிட்டு, குனிஞ்சு, ரெண்டு கையாலயும் பொம்மையோட கையை ஆட்டணும். தெற்கே போனா தோல்பாவைக் கூத்து. வீட்டுல மராத்தி பேசற கலைஞர்கள், ஆட்டுத் தோல்ல செஞ்ச பாவையை வச்சுக்கிட்டு ராமாயணத்தையும் நல்லதங்காளையும் தமிழ்ல நடத்தறாங்க. ஆண் குரல், பெண் குரல், அரக்கன் குரல் எல்லாம் ஒரே ஆள். அவங்க தேவ் மாதிரி நமக்கும் ஆள் உண்டு. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்கு வந்தா சிரிச்சு சிரிச்சு வயித்து வலி வரும்.

பழமையா? வியட்நாம்ல நீர்ப் பொம்மலாட்டத்துக்கு அவங்க காட்டற சாட்சி 1121-ல வெட்டின ஒரு கல்வெட்டு. நம்ம வள்ளுவர் 1020-ஆவது குறள்லயே கயித்துல ஆடற மரப்பாவையை உவமையா வச்சுட்டாரு. உவமையாச் சொல்லணும்னா கேக்கற எல்லாருக்கும் அது தெரிஞ்சிருக்கணும். அவ்வளவு பழசு.

ஆனா பழமை சோறு போடாது. அங்க என்ன இருக்கு, இங்க என்ன இல்லை? எனக்குத் தெரிஞ்சு மூணு விஷயம். நிலையான இடம், நிலையான நேரம், டிக்கெட். அந்த அரங்கத்துல ஆட்டம் தினமும் பல தடவை உண்டு. யாரும் தலைமை தாங்கலை, பொன்னாடை இல்லை, "அழிந்து வரும் கலை"ன்னு யாரும் மைக் பிடிச்சு அழலை. காசு குடுத்தாங்க, பார்த்தாங்க, கை தட்டினாங்க, போனாங்க.

இதைச் சொன்னா நண்பர்கள் எடுத்து விடற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"அது டூரிஸ்டுக்காக நடத்தற ஷோ பாஸ். நிஜக் கலை அங்கயும் கிராமத்துலதான்."

உண்மைதான். வடக்கு வியட்நாம்ல செவ்வாற்றுப் படுகை நெல்வயலும் குளமும்தான் இதுக்குத் தாய்வீடு. அம்பது நிமிஷத்துல துண்டு துண்டாக் காட்டறது சுருக்கின வடிவம்தான். நானே ஒத்துக்கறேன். ஆனா அந்த அம்பது நிமிஷத்தை முடிவு பண்ணினது அரங்கம், வாட்ச்சைப் பார்த்த கமிட்டி மெம்பர் இல்லை. கலைஞன் தானே சுருக்கினா அது புது வடிவம். நாம சுருக்கினா அதுக்குப் பேரு அவமானம்.

"அரசாங்கம் பண்ணணும் சார்."

பண்ணட்டும், வேண்டாம்னு யாரு சொன்னது? 2007-ல ஆரம்பிச்ச சென்னை சங்கமம், நடுவுல நின்னுபோய் 2023-ல திரும்ப வந்துச்சு. நல்ல காரியம். ஆனா பொங்கலை ஒட்டி சில நாள் கூத்து பார்த்தா, மிச்ச நாளுக்கு அந்தக் கலைஞன் அடுப்புல என்ன வைக்கறது? அதோட, எங்க கமிட்டியில அஞ்சாயிரத்தை வெட்டினது எந்த அரசாங்கம்?

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பிடிக்காது."

இதுதான் எல்லாத்துலயும் பெரிய புளுகு. அன்னைக்குச் சாப்பாட்டுக்கு ஓடினது நாம. பசங்க உட்கார்ந்துதான் இருந்தாங்க. என் பையன் ராத்திரி படுக்கும்போது கேட்டான், "அப்பா, வில்லை ஒடிச்சாருல்ல, அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?" கதையோட முதல் பாதியை வெட்டினவன்கிட்டயே கேக்கறான்!

இடமும் நாளும் காசும் இருந்தா நம்ம நாட்டுலயும் கலை நிக்கும். சாட்சி வேணுமா? பாலக்காடு பக்கம் பகவதி கோயில்கள்ல தோல்பாவைக் கூத்துக்குன்னே கூத்துமாடம் கட்டி வச்சிருக்காங்க. இருபத்தொரு விளக்கு ஏத்தி, ராத்திரி ராத்திரியாப் பாடறாங்க. எதைப் பாடறாங்க தெரியுமா? நம்ம கம்பராமாயணத்தை! ஆள் வந்தாலும் வராட்டியும் அம்மன் பார்க்கறாங்கற நம்பிக்கையில ஆட்டம் நிக்காது. அந்தக் கலையில இருக்கற ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. கம்பன் நம்மாளு, மாடம் மட்டும் அடுத்த ஊர்ல. இலங்கையில சிங்களவர்களோட கயிற்றுப் பொம்மை நாடகம் 2018-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு.

அவ்வளவு தூரம் எதுக்கு? பூந்தமல்லி தாண்டி திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதக் கூத்து இன்னும் விடிய விடிய நடக்குது. எப்படி? கோயில் திடல்தான் இடம், திருவிழாதான் நாள், வீட்டு வீட்டுக்கு வசூல் பண்றதுதான் டிக்கெட். படிப்பும் பணமும் நம்ம அளவுக்கு இல்லாத கிராமம் இந்தக் கணக்கை அழகாப் போட்டுருச்சு. லட்சக்கணக்குல செலவு பண்ணி ஹனோய் போற நாமதான் தப்பாப் போட்டோம்.

ஆவடியில பருத்திப்பட்டு ஏரிக்கரையை 2019-ல பசுமைப் பூங்கா ஆக்கினாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குடும்பம் குடும்பமாக் கூட்டம் வர்ற இடம். அங்க ஒரு மூலையில சின்னதா ஒரு அரங்கம். ஞாயிறு அஞ்சரை மணிக்கு ஒரு மணி நேர ஆட்டம். தலைக்கு நூறு ரூபாய். ஒரு வாரம் பொம்மலாட்டம், ஒரு வாரம் தோல்பாவை, ஒரு வாரம் கூத்து. பாப்கார்னுக்கு அதைவிட ஜாஸ்தி குடுக்கறோமே. இது நடக்காத காரியமா?

அந்தச் சாயங்காலம் ஹனோய்ல திரை தூக்கி ஆட்டினவங்க வெளியே வந்தப்போ, பையன் என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு வந்த தாத்தாவை நாம வெளியவே கூப்பிடலையேப்பா"ன்னான். எனக்குப் பதில் வரலை. கை தட்டறதை மட்டும் நிறுத்தலை.

ஊருக்கு வந்ததும் பழைய நம்பரைத் தேடிப் பிடிச்சுப் பேசினேன். அந்த அஞ்சாயிரத்தை அனுப்பறேன்னு சொன்னேன். பெரியவர், "அது போவட்டும் தம்பி, மறுபடி கூப்பிடுங்க, முழுசா ஆடறோம்"னாரு. அனுப்பிட்டேன். அனுப்பினதால நான் நல்லவன் ஆயிட மாட்டேன், கடன் அடைஞ்சது, அவ்வளவுதான். வர்ற ஆண்டு விழாவுக்கு ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஆறு மணிக்கு, முதல் நிகழ்ச்சியா சீதா கல்யாணம்னு கமிட்டியில எழுதிக் குடுத்திருக்கேன். செயலாளர் "பாக்கலாம்"னாரு. இந்தப் 'பாக்கலாம்'தான் நம்ம ஊர்ல கலையைக் கொல்ற விஷம். அதனால அடுத்த கூட்டத்துக்கும் போவேன். அதுக்கு அடுத்ததுக்கும்.

டிஸ்கி: "நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லை"ன்னு சொன்ன அந்த நண்பர்தான் அன்னைக்கு மைக்ல "சாப்பாடு ரெடி" சொன்னவர். அவரைக் குத்தம் சொல்லலை. சொல்லச் சொன்னது நான்தான்.