ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

பழைய காரில் குடும்பத்தோடு ஸ்பிரிங்வேலிலிருந்து காரம் டவுன்ஸ் ஆலயத்துக்கு வரும் அன்பர்கள் கோடைக்கு முன் ரேடியேட்டரைக் கவனிப்பது நலம். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரி. அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் குறைந்த கார் வழியிலேயே நின்றுவிடும்.

காரின் அடியில் நிறமற்ற ஈரமானால் ஏ.சி. நீராக இருக்கலாம், பயமில்லை. வழுவழுப்பாக, பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட். தரையில் சொட்டே இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறதா? முன்சீட்டின் கால்விரிப்பைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது. எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல், ஆயிலும் மோர் போல் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். தினம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி நாளைக் கடத்துவோர் நம்மிலும் உண்டு. கடைசியில் எஞ்சினையே மாற்ற வேண்டிவரும்.

வழியில் சூட்டு முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்து (வெயிலில் வேதனைதான்) காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், திறந்த கணமே முகத்தில் பீறிடும். சிந்திய கூலன்டை உடனே கழுவிவிடுங்கள். இனிக்கும் விஷம் அது, குழந்தையோ நாயோ நக்கிவிடும்.