வண்டி ஆஃப் ஆனா முதல்ல பெட்டியைத் திட்டாதீங்க



ஹாஸ்டல் பார்க்கிங் ஷெட்டில் ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சைலன்சர் மாறியிருக்கும், ஏர் ஃபில்டர் மாறியிருக்கும். கையில் கொஞ்சம் காசு இருப்பவன் வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் இருக்கும். அதுதான் ஃப்யூல் கன்ட்ரோலர். அதை மாட்டின பிறகு "வண்டி சிக்னல்ல ஆஃப் ஆகுதுடா" என்று புலம்புகிறவர்களும் அதே ஷெட்டில்தான் நிற்கிறார்கள். போன செமஸ்டரில் அந்தப் புலம்பல் கோஷ்டியில் நானும் என் ரூம்மேட்டும் இருந்தோம்.

வண்டியில் கையே வைக்காதீங்கன்னு அட்வைஸ் பண்ற கட்டுரை இல்லை இது. அந்த அட்வைஸ் நமக்கு வீட்டிலேயே தேவைக்கு மேல் கிடைக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற நாம், நம்ம சொந்த வண்டி ஆஃப் ஆனால் மட்டும் இன்ஜினியர் மாதிரி யோசிப்பதில்லை. அதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ரூம்மேட்டுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, 400 சிசிக்கு உட்பட்ட ஒரு சிங்கிள் சிலிண்டர் வண்டி. வாங்கும்போதே சைலன்சர் மாற்றியிருந்தது. குறைந்த ஆர்பிஎம்மில் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று ஒரு கன்ட்ரோலர் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் யூடியூப் வீடியோவைப் பார்த்துக்கொண்டே மாட்டினோம். டேங்கைத் தூக்கி, இன்ஜெக்டர் கனெக்டரைப் பிரித்து, நடுவில் பெட்டியைச் செருகினோம். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெட்டியோடு வந்த பிளக்கைப் போட்டோம். எர்த் ஒயரை பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் இழுக்கச் சோம்பேறித்தனம். பக்கத்தில் இருந்த சேஸிஸ் போல்ட்டிலேயே மாட்டிவிட்டோம். ரெண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. டீக்கடைக்குப் போய்க் கொண்டாடினோம்.

ரெண்டு நாள் வண்டி பறந்தது. மூணாவது நாள் சாயங்காலம் ஹோப் காலேஜ் சிக்னலில் கிளட்ச் பிடித்து நின்றதும் ஆஃப். ஸ்டார்ட் பண்ணினால் உடனே எடுக்கும், ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்ஜின் சூடாகி, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் மட்டும் ஆஃப்.

அப்புறம் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கும் பழக்கமானதாக இருக்கும். நெட்டிலிருந்து வேற மேப் இறக்கிப் போட்டோம். சரியாகவில்லை. இன்னொரு மேப். ஸ்பார்க் பிளக் மாற்றினோம். ஏர் ஃபில்டர் மாற்றினோம். மூணாவது மேப். கடைசியில் பெட்டி விற்ற கடைக்கு ஆன்லைனில் ஒரு ஸ்டார் ரேட்டிங் போட்டு, நாலு வரி திட்டியும் எழுதினோம். இவ்வளவு நடந்தும் எந்தச் சந்தேகத்தையும் நாங்கள் அளந்து பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அவிநாசி ரோட்டில் யூ-டர்ன் எடுக்கும்போது, பாதித் திருப்பத்தில் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் டவுன் பஸ். டிரைவர் அடித்த பிரேக்கில் பஸ்ஸுக்குள் நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். பம்பருக்கும் எங்கள் பின் டயருக்கும் நடுவே ஒரு சாண் கூட இருந்திருக்காது. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங் தம்பி, வண்டி ஓட்டத் தெரியலீன்னா நம்ம பஸ்லயே வந்துருங்க" என்றார். பின் சீட்டில் இருந்த எனக்குக் கால் நடுங்கியது. அன்றைக்குத்தான் இது விளையாட்டு இல்லை என்று புரிந்தது. ரோட்டில் ஓடுகிற வண்டி, நினைக்காத இடத்தில் நின்றால் அது சின்னக் கோளாறு இல்லை.

அதுக்கப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்தோம். முதலில் பெட்டியில் எல்லா இடத்திலும் பூஜ்யம் இருக்கிற மேப்பைப் போட்டோம். அதாவது, இசியு அனுப்புகிற சிக்னலில் பெட்டி எதையும் கூட்டாது, குறைக்காது. அப்போதும் ஆஃப் ஆனது. அப்படியானால் மேப் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அடுத்து, பெட்டியையே கழற்றி, சென்சாரைத் திரும்ப மாட்டி ரெண்டு நாள் ஓட்டினோம். ஒரு தடவை கூட ஆஃப் ஆகவில்லை. "பாத்தியா, பெட்டிதான்டா டுபாக்கூர்" என்றான் ரூம்மேட். நானும் தலையாட்டினேன்.

இஇஇ படிக்கிற தோழி ஒருத்திதான் கேட்டாள்: "எர்த் எங்க குடுத்தீங்க?"

சொன்னோம். பெட்டியைத் திரும்ப மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, அந்த போல்ட்டில் இருக்கிற ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தோம். 0.1 வோல்ட் அளவுதான் காட்டியது. "எர்த் நல்லாதானே இருக்கு" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "இன்ஜெக்டர் எப்பவும் திறந்தா இருக்கு?" என்றாள்.

இந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐடிலிங் 1500 ஆர்பிஎம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை பெட்ரோல் தெளிக்க வேண்டும். நிமிஷத்துக்கு 750 தடவை, அதாவது 80 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. அதில் இன்ஜெக்டருக்குக் கரண்ட் போவது சுமார் 2.5 மில்லி செகண்ட்தான், மொத்த நேரத்தில் 3 சதவீதம். நாங்கள் மாட்டின வகைப் பெட்டியில் இன்ஜெக்டர் கரண்ட் பெட்டியின் எர்த் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அந்த 2.5 மில்லி செகண்டில் மட்டும் எர்த்தில் வோல்டேஜ் எகிறினால், சராசரி காட்டுகிற மல்டிமீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

லேப் அனுமதி கிடைக்க நாலு நாள் ஆனது. லேப் வாசலில் வண்டியை நிறுத்தி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தெளிப்புக்கும் கிட்டத்தட்ட 2 வோல்ட் எகிறியது. போல்ட்டுக்கு அடியில் சேஸிஸ் பெயின்ட். அதன் மேல்தான் எங்கள் எர்த் உட்கார்ந்திருந்தது.

இனி மீதியெல்லாம் தானாகப் புரியும். இன்ஜெக்டர் என்பது ஒரு மின்காந்த வால்வு. கரண்ட் கொடுத்ததும் அது உடனே திறந்துவிடாது, கொஞ்சம் நேரம் எடுக்கும். வோல்டேஜ் குறைந்தால் அந்தத் தாமதம் கூடும். பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் இசியு அதைப் பார்த்துத் தெளிக்கிற நேரத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஆனால் நாங்கள் எர்த்தில் திருடின 2 வோல்ட் இசியுவுக்குத் தெரியாது. நீளமாகத் தெளிக்கிற வேகத்தில் இந்தத் தாமதம் பெரிய விஷயமில்லை. மொத்தமே 2.5 மில்லி செகண்ட் என்கிற ஐடிலிங்கில் அதுவே பெரிய இழப்பு. ஃபேன் ஓடும்போது சிஸ்டம் வோல்டேஜும் இறங்கும். அதனால்தான் சூட்டில், சிக்னலில் மட்டும் ஆஃப்.

எர்த் ஒயரை நேராக பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்தோம். ஸ்கோப்பில் அந்த எகிறல் கிட்டத்தட்டக் காணாமல் போனது. அன்றிலிருந்து வண்டி ஆஃப் ஆகவில்லை. அந்த ஒரு ஸ்டார் ரேட்டிங்கை அழித்துவிட்டு, கடைக்காரருக்கு மன்னிப்பும் எழுதினோம். அதை எழுதத்தான் அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

புதுசாக ஒன்றை மாட்டினதும் வண்டி மக்கர் பண்ணினால், நாம் ரெண்டே பேரைத்தான் சந்தேகப்படுகிறோம். ஒன்று பெட்டி, இல்லாவிட்டால் மேப். மூணாவது ஆள் ஒருவன் இருக்கிறான். டேங்கைத் தூக்கி, பத்து கனெக்டரைத் தொட்டு, திரும்ப மூடின நம்ம கை. அதைச் சந்தேகப்பட மனசு வருவதில்லை. இன்னொருத்தன் வண்டி என்றால் ஒயரிங்கில் குறை கண்டுபிடிக்கிறோம். நம்ம வண்டி என்றால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். மெமோ எழுதும்போது ரீடிங்கை மாற்றி எழுதுகிற அதே புத்திதான் இது.

அதனால் என் வேண்டுகோள், ஒரு வரிசையைப் பழகுங்கள்:

முதலில், எப்போது ஆஃப் ஆகிறது என்று எழுதி வையுங்கள். சூட்டிலா, காலையிலா? கிளட்ச் பிடிக்கும்போதா, ஓடும்போதா? பாதி பிரச்சனை இந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். உதாரணமாக, கால் மணி நேரம் ஓடினபின் மூச்சு வாங்கி நின்று, டேங்க் மூடியைத் திறந்து மூடினதும் சரியாகிறதா? டேங்கைத் திரும்ப வைக்கும்போது ஏர் டியூப்பை நசுக்கியிருப்பீர்கள்.

ரெண்டாவது, பெட்டியைக் கழற்றிப் பழையபடி ஆக்கி ஓட்டுங்கள். அப்போதும் ஆஃப் ஆனால் பெட்டி நிரபராதி. த்ராட்டில் பாடி ரப்பர் சரியாக உட்காராமல் காற்று இழுக்கிறதா, சென்சார் கனெக்டர் முழுசாக லாக் ஆகவில்லையா, பேட்டரி டெர்மினல் லூஸா, சைடு ஸ்டாண்டு சுவிட்ச் ஒயர் இழுபட்டதா என்று பாருங்கள்.

மூணாவது, பெட்டியோடு மட்டும் ஆஃப் ஆனால் பூஜ்ய மேப் போடுங்கள். அதிலும் ஆஃப் ஆனால் எர்த், கனெக்டர் பின், த்ராட்டில் சென்சார் கேலிப்ரேஷன் பக்கம் போங்கள். பூஜ்ய மேப்பில் நன்றாக ஓடினால் மட்டும் மேப்பைத் தொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பிளக், ஃபில்டர், மேப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது.

"ப்ரோ, கம்பெனி செட்டிங் ரொம்ப லீன். பெட்டி போட்டே ஆகணும்" என்று சிலர் சொல்வீர்கள். அதில் உண்மை இருக்கிறது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டியே இசியு வண்டியை ஓட்டப் பார்க்கும். குறைந்த வேகத்தில் வெட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். சைலன்சரும் ஃபில்டரும் மாற்றியிருந்தால் மேப் மாற்றத் தேவை வரலாம். ஆனால் அதற்காக ஆக்சிஜன் சென்சாரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவது பற்றி ரெண்டு தடவை யோசியுங்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஃபீட்பேக் பற்றிப் பதினாறு மார்க் எழுதிவிட்டு, பார்க்கிங்குக்கு வந்து நம்ம வண்டியின் ஃபீட்பேக் ஒயரைப் பிடுங்குகிறோம்! பெட்ரோலுக்கு 14.7 என்றால், சுத்த எத்தனாலுக்கு அந்த விகிதம் 9 தான். இன்றைக்குப் பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கலவைக்கு ஏற்ப அளவைத் திருத்துவது அந்தச் சென்சாரை நம்பித்தான். எங்கள் வண்டியிலும் சென்சார் இருந்திருந்தால், ஐடிலிங்கில் பெட்ரோல் குறைவதை இசியு ஓரளவு கண்டுபிடித்திருக்கும். கண்ணைக் கட்டிவிட்டு, தடுமாறுகிறது என்று திட்டினோம்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வாரன்ட்டி, இன்சூரன்ஸ் க்ளெய்ம் என்று வரும்போது இது தலைவலியாகலாம். தெரிந்து முடிவெடுங்கள்.

கடைசியாக, நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை. எங்கள் பிரச்சனையைத் தீர்த்தது விலையுயர்ந்த சர்வீஸ் சென்டர் இல்லை. சாயங்காலம் ஆனால் பூட்டிக் கிடக்கிற லேப்பில் இருந்த ஒரு ஸ்கோப். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் லேப்பைத் திறந்து வையுங்கள். மெக்கானிக்கல், இசிஇ, இஇஇ பசங்க எல்லோரும் அவங்கவங்க வண்டியோடு வரட்டும். வண்டி ரோட்டு நடுவில் நிற்கிறதுக்கு முன்னாடி லேப் வாசலில் நிற்கட்டும். அந்த ஒரு சாயங்காலத்தில் நாங்கள் கற்றது, ரெக்கார்டு நோட்டில் காப்பி அடித்து எழுதின பல எக்ஸ்பெரிமென்ட்டை விட அதிகம்.

உங்க வண்டியும் சிக்னல்ல ஆஃப் ஆகுதா? நெட்டில் நாலாவது மேப் தேடுறதுக்கு முன்னாடி சீட்டைக் கழற்றி, எர்த் ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள். அடியில் பெயின்ட் இருந்தால், எங்களை நினைத்துக் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள்.