தண்டுவடத்தை நெருக்கும் புற்றுநோய்: கருவிகள் உண்டு, காலம் இல்லை

புற்றுநோய் சிகிச்சையில் பெரும்பாலான முடிவுகளை எடுக்க நோயாளிக்கும் மருத்துவருக்கும் சில நாட்களாவது அவகாசம் கிடைக்கிறது. ஆனால், உடலின் வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, அதனுள்ளே செல்லும் தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கிவிட்டால், அந்த அவகாசம் மணிக்கணக்காகச் சுருங்கிவிடுகிறது. நோயாளி தனது எஞ்சிய காலத்தை நடமாடிக் கழிப்பாரா அல்லது படுக்கையில் கழிப்பாரா என்பது அந்தச் சில மணி நேரங்களில் தீர்மானிக்கப்படலாம்.

மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களே பெரும்பாலும் இந்நிலைக்கு இட்டுச் செல்கின்றன. கட்டி வளரும்போது முதலில் தண்டுவடத்தின் இரத்தக் குழாய்கள் நெருக்கப்பட்டு வீக்கம் ஏற்படுகிறது. இந்தக் கட்டத்தில் டெக்ஸாமெத்தசோன் எனப்படும் ஸ்டீராய்டு மருந்தும் கதிர்வீச்சும் பாதிப்பை மீட்கக்கூடும். இரத்த ஓட்டம் நின்று நரம்புத் திசுக்கள் மடிந்த பின்னர் மீட்பது அரிது. சிகிச்சை தொடங்கும்போது நடக்கக்கூடியவராக இருப்பவர் பெரும்பாலும் அத்திறனைத் தக்கவைத்துக்கொள்கிறார். கால்கள் முற்றிலும் செயலிழந்தபின் வருபவர்களில் மிகச் சிலரே மீண்டும் நடக்கின்றனர்.

முன்னோடி நாடு

கதிர்வீச்சுத் தொழில்நுட்பத்தில் அமெரிக்காவுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹென்றி கப்லானும் எட்வர்ட் கின்ஸ்டனும் உருவாக்கிய நேரியல் முடுக்கி இயந்திரம் 1956ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. இயந்திரக் கையில் இயங்கும் சைபர்நைஃப் கருவியும் ஸ்டான்ஃபோர்டின் நரம்பியல் அறுவை நிபுணர் ஜான் அட்லரால் உருவாக்கப்பட்டதே. டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையம், முதுகெலும்புக்கான துல்லியக் கதிர்வீச்சு குறித்த தொடக்ககால ஆய்வுகளை 2000களில் வெளியிட்ட மையங்களில் ஒன்று.

ஆயினும், அவசர வேளையில் இத்தகைய துல்லியக் கருவிகள் பெரும்பாலும் முதல் தேர்வாக இருப்பதில்லை. அவற்றுக்கான திட்டமிடலுக்கே சில நாட்கள் தேவைப்படுகின்றன. வழக்கமான முடுக்கி இயந்திரத்தைக் கொண்டு, எளிய முறையில் அன்றே அளிக்கப்படும் கதிர்வீச்சே பலருக்குப் போதுமானது.

பொருத்தமான நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடும் என்பதை, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ராய் பேட்செல் தலைமையில் 101 பேரிடம் நடத்தப்பட்டு 2005இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதத்தினர் சிகிச்சைக்குப் பின் நடந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் அது 57 சதவீதம்.

அறுவை சிகிச்சைக்கு உடல் இடங்கொடாதவர்களுக்கு எத்தனை தவணைக் கதிர்வீச்சு தேவை என்பது அடுத்த கேள்வி. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 686 பேரிடம் நடத்தப்பட்ட ஸ்கோராட் ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளியாயின. ஒரே தவணையில் 8 கிரே அளவு பெற்றவர்களில் 69.3 சதவீதத்தினரும், ஐந்து தவணைகளில் 20 கிரே பெற்றவர்களில் 72.7 சதவீதத்தினரும் எட்டு வாரங்களுக்குப் பின் நடக்கும் நிலையில் இருந்தனர். இரண்டும் சமம் என்று புள்ளியியல் ரீதியில் நிறுவ இது போதவில்லை. எனினும், ஆயுட்காலம் குறைவாக உள்ளவர்களுக்கு ஒரே நாளில் சிகிச்சையை முடித்துவிடும் வாய்ப்பை இம்முடிவுகள் வலுப்படுத்தின.

தாமதம் எங்கே நேர்கிறது?

ஸ்காட்லாந்தில் 319 நோயாளிகளைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. வலி தொடங்கியதற்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடையே சுமார் மூன்று மாதங்கள் கழிந்திருந்தன. கண்டறியப்பட்டபோது 82 சதவீதத்தினர் நடக்க இயலாதவர்களாகவோ பிறர் உதவியுடன் மட்டுமே நடப்பவர்களாகவோ இருந்தனர். பிரிட்டன் 2008இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நரம்புப் பாதிப்பின் அறிகுறி தென்பட்ட 24 மணி நேரத்துக்குள் எம்ஆர்ஐ படம் எடுக்கவும், இத்தகைய நோயாளிகளுக்கென ஒருங்கிணைப்பாளர்களை நியமிக்கவும் கூறின. அமெரிக்காவில் நாடு தழுவிய அத்தகைய ஏற்பாடு இல்லை. மருத்துவமனைக்கு மருத்துவமனை நடைமுறை மாறுபடுகிறது.

நியூஜெர்சியின் எடிசன், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட், டெக்ஸாஸின் பிளேனோ போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்றுண்டு. பிள்ளைகளைக் காண வரும் பெற்றோர் பயணிகளுக்கான காப்புறுதியையே நம்பியிருக்கின்றனர். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செலவை ஏற்பதில்லை. நிரந்தர வதிவிட உரிமை பெற்ற முதியவர்கள்கூட, தாங்களோ துணைவரோ போதிய காலம் அங்கு பணியாற்றியிராவிட்டால், ஐந்தாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பின்னரே கட்டணம் செலுத்தி மெடிகேர் திட்டத்தில் சேர முடியும். பிள்ளைகளுக்குச் செலவு வைத்துவிடக்கூடாது என்று முதுகுவலியை மறைக்கும் பெற்றோரின் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், 1986ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஒன்றின்படி, மெடிகேர் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள், காப்புறுதியோ குடியுரிமையோ இல்லாதவரையும் பரிசோதித்து, உடல்நிலையை நிலைப்படுத்த வேண்டும். அதற்கான வசதி இல்லையெனில், வசதியுள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். இச்சட்டம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதில்லை. பின்னர் ரசீது வரவே செய்யும். எனினும், லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவிக்கான விதிமுறைகளை வைத்திருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் கூறுகிறது.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

புற்றுநோய் வந்த ஒருவருக்கு, படுத்தாலோ இருமினாலோ அதிகரிக்கும் முதுகுவலி, மார்பையோ வயிற்றையோ பட்டை கட்டியது போன்ற இறுக்கம் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கால்களில் தளர்ச்சி, மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவை தோன்றினால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கு "முதுகுவலி" என்று மட்டும் சொல்லாமல், புற்றுநோய் இருந்ததை முதலிலேயே கூறுவது முக்கியம். முதுகுவலியுடன் வருவோர் ஏராளம் என்பதால், அந்த ஒரு தகவலே பரிசோதனையின் வேகத்தை மாற்றக்கூடும்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ வேலூரிலோ முன்னர் கதிர்வீச்சு பெற்றவராக இருந்தால், எந்த இடத்தில், எவ்வளவு அளவு என்ற குறிப்பும் கையில் இருக்க வேண்டும். தண்டுவடம் தாங்கக்கூடிய கதிர்வீச்சுக்கு எல்லை உண்டு என்பதால், அந்த விவரமின்றி மீண்டும் கதிர்வீச்சைத் திட்டமிடுவது கடினம். வெள்ளிக்கிழமை இரவு கடல்கடந்து அதைத் தேடுவதைவிட, பயணத்துக்கு முன்பே கடவுச்சீட்டுடன் சேர்த்து எடுத்து வைப்பது எளிது.