சைட்பார் சரிந்தால் பிரவுசர் மேல் பழியா?

"குரோமில் சரியாகத்தான் வருகிறது, சஃபாரியில்தான் சைட்பார் கீழே போய்விடுகிறது. பிரவுசர் பிரச்சினை." வெப் டிசைன் நடக்கும் இடங்களில் ஓயாமல் காதில் விழும் பேச்சு இது. உடனே சஃபாரிக்கு மட்டும் தனியாக நாலு வரி சிஎஸ்எஸ் எழுதுவார்கள், அகலத்தில் 2 பிக்சல் குறைப்பார்கள், வேலையை முடித்துவிடுவார்கள். புதிதாக ஒரு நீளத் தலைப்பு ஏறியதும் சைட்பார் மறுபடி சரியும். இன்றைக்கு சைட்பார் குலைவதற்குப் பெரும்பாலும் காரணம் பிரவுசர்களின் வேற்றுமை அல்ல. எல்லாமே ஒரே விதிப்படிதான் நடக்கின்றன. அந்த விதியைத்தான் நாம் படிப்பதில்லை.

ஒவ்வொரு பிரவுசரும் அகலத்தை ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, விட்த் என்று கொடுத்த அளவுக்குள்ளேயே பேடிங்கையும் பார்டரையும் அடக்கியது. தரவிதியோ அவற்றை வெளியே கூட்டச் சொன்னது. எக்ஸ்ப்ளோரர் 6, ஃப்ளோட் செய்த பெட்டியின் மார்ஜினை இரண்டு மடங்காக்கியது. அந்தத் தலைமுறை பட்ட பாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2022 ஜூன் 15இல் எக்ஸ்ப்ளோரர் 11க்கே மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே 'கம்பாட் 2021' என்ற கூட்டு முயற்சி, பிரவுசர்கள் ஒத்துப்போக வேண்டிய ஐந்து இடங்களைத் தேர்ந்து வேலை செய்தது. ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட், ஸ்டிக்கி மூன்றும் அதில் இருந்தன. சைட்பார் கட்டுவதற்கு நாம் நம்பியிருப்பவையும் இவைதான்.

இப்போதும் 960 பிக்சல் பெட்டிக்குள் 660க்குக் கட்டுரையும் 300க்கு சைட்பாரும் ஃப்ளோட்டில் வைத்து, சைட்பாருக்கு இரு பக்கமும் 20 பிக்சல் பேடிங் கொடுத்துப் பாருங்கள். மொத்தம் 1000 ஆகிவிடுகிறது, சைட்பார் கீழே இறங்குகிறது. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இறங்கும். பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் என்று மாற்றினால் மூன்றிலும் மேலே வந்துவிடும்.

"அப்படியானால் ஒன்றில் சரியாக வருவது மற்றொன்றில் ஏன் குலைகிறது?" இது நியாயமான கேள்வி. நிதானமாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் மின்-விட்த் இயல்பாகவே 'ஆட்டோ'. விட்த் தனியாகக் கொடுக்காதவரை, உள்ளே உடைக்க முடியாத மிக நீளமான துண்டு எவ்வளவு அகலமோ, அதற்குக் கீழே பெட்டி சுருங்காது. ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தை எடுத்துக்கொள்வோம். சைட்பாருக்கு ஃபிளெக்ஸ்-பேசிஸ் 240 பிக்சல். அதில் ஒரு தலைப்பில் 'நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளதாகவும்' என்று ஒரு சொல். நடுவில் இடைவெளி கிடையாது. உடைக்கச் சொல்லாதவரை பிரவுசர் அதை உடைக்காது. எழுத்துரு எதுவும் தளம் அனுப்பவில்லை என்றால், அந்தச் சொல் விண்டோஸில் நிர்மலா யூஐயில் தெரியும், ஐபோனில் தமிழ் சங்கம் எம்என்னில், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழில். எழுத்தளவு ஒன்றாகவே இருந்தாலும் மூன்றிலும் அகலம் வேறு. ஓர் எழுத்துருவில் அடங்கும் சொல் இன்னொன்றில் அடங்காது. அடங்காத இடத்தில் சைட்பார் பிதுங்குகிறது, கட்டுரைப் பத்தி நெருக்கப்படுகிறது, சில சமயம் பக்கமே பக்கவாட்டில் ஓடுகிறது. விண்டோஸ் குரோமையும் ஐபோன் சஃபாரியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் சஃபாரியைக் குற்றம் சொல்கிறார். மாறியது எழுத்துரு! இரண்டுக்கும் ஒரே வெப் ஃபான்ட் அனுப்பிப் பாருங்கள், பேதம் போய்விடும். குறை அப்போதும் உள்ளே இருக்கும். இன்னும் நீளமான சொல் வந்தால் இரண்டிலும் ஒன்றாகக் குலையும்.

தீர்வு: மின்-விட்த்தை 0 ஆக்குங்கள், ஓவர்ஃப்ளோ-ராப்பை 'எனிவேர்' என்று வையுங்கள். பலரும் எழுதும் 'பிரேக்-வேர்ட்' மட்டும் இங்கே போதாது. குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அது உடைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. கிரிட்டிலும் இதே சிக்கல் உண்டு. வெறும் 1எஃப்ஆர் என்பதற்குப் பதில் மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுத வேண்டும்.

இதைச் செய்யாமல், பக்கவாட்டு ஓட்டத்தை மறைக்க வெளிப்பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிட்டன் போடுகிறார்கள். அடுத்த புகார் அங்கேதான் பிறக்கிறது: "ஸ்டிக்கி சஃபாரியில் ஒட்டாது." சஃபாரி 2019இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து முன்னொட்டே இல்லாமல் ஸ்டிக்கியை ஏற்கிறது. ஒட்டாததற்குக் காரணம் அந்த ஹிட்டன். அதைப் போட்ட கணமே வெளிப்பெட்டி தானே ஸ்க்ரோல் பெட்டியாகிவிடுகிறது, சைட்பார் அதைப் பார்த்து ஒட்டக் காத்திருக்கிறது, அதுவோ நகர்வதே இல்லை. ஃபிளெக்ஸின் இயல்பான 'ஸ்ட்ரெச்' இன்னொரு காரணம். சைட்பார் கட்டுரையின் உயரத்துக்கே நீண்டுவிட்டால் ஒட்டி நகர இடம் ஏது? அலைன்-செல்ஃப்: ஸ்டார்ட் என்று ஒரு வரி போதும்.

பிரவுசரின் பெயரைக் கண்டுபிடித்துத் தனி சிஎஸ்எஸ் கொடுப்பது பாதுகாப்பு என்பதையும் நான் ஏற்கவில்லை. குரோமும் எட்ஜும் அனுப்பும் அடையாள வரியில் 'சஃபாரி' என்ற சொல்லும் இருக்கிறது. நம் ஊரில் ஐபோனில் குரோம் என்ற பெயரில் ஓடுவதும் சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். பெயரைக் கேட்காமல் திறனைக் கேளுங்கள். அதற்கு அட்-சப்போர்ட்ஸ் இருக்கிறது.

நிஜமான வேற்றுமைகள் இல்லாமல் இல்லை. போன் பிரவுசர்களில் 100விஎச் என்பது கருவிப்பட்டி ஒதுங்கிய பிறகு கிடைக்கும் உயரம்; அதனால் சைட்பாரின் கடைசி இணைப்பு பட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். 2022இல் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றுக்கும் வந்த டிவிஎச் அளவு இதற்காகத்தான். ஸ்க்ரோல்பார் பெரும்பாலும் விண்டோஸில் இடம் பிடிக்கும், மேக்கில் மேலே மிதக்கும். எனவே 100விடபிள்யூ நம்பத்தக்கதல்ல. இவற்றையும் தாண்டி ஒரு குலைவு மிஞ்சினால், பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி, பத்துப் பதினைந்து வரியில் அதே குலைவைக் காட்டுங்கள். அப்படிச் சுருக்கும்போதே பெரும்பாலும் நம் தவறு அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் அந்தச் சிறு பக்கத்தை அந்த எஞ்சினின் பிழைப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள், அதைத் திருத்தக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.