2 டன் கம்பிச் சுருள்... பட்டையை வெட்டியதும் என்ன நடக்கும்? - யாரும் கண்டுகொள்ளாத ‘டீகாயிலர்’

லாரிக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டு, நுனியில் சிவப்புத் துணி ஆடப் போகும் கம்பிக் கட்டுகளைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால், தூணிலும் பீமிலும் பெரிய கம்பிகளைச் சுற்றிப் பிடித்திருக்கும் 8 மி.மீ. ‘ரிங்’குகளுக்கான கம்பி எல்லாமே இப்படி வருவதில்லை. வட்டமாகச் சுற்றி, ஸ்டீல் பட்டையால் இறுக்கிக் கட்டிய சுருளாகவும் வருகிறது. ஒரு சுருள் 2 டன் என்று வைத்துக்கொள்வோம். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ. கணக்குப் போட்டால், இடையில் வெட்டே இல்லாத ஒரே கம்பி... நீளம் 5 கிலோமீட்டர்!

இந்தச் சுருளைத் தாங்கி, சுழற்றி, கம்பியை நிமிர்த்தும் மெஷினுக்குள் அனுப்பும் சாதனம்தான் டீகாயிலர்.

ஏன் சுருள் வாங்குகிறார்கள்?

மிச்சம் விழாது என்பதுதான் முக்கியக் காரணம். 230-க்கு 450 மி.மீ. பீமுக்கு ஒரு ரிங் செய்ய, கொக்கி வளைவையும் சேர்த்து சுமார் 1.25 மீட்டர் கம்பி வேண்டும். 12 மீட்டர் கம்பியில் 9 ரிங் போக 75 செ.மீ. துண்டு மிஞ்சும். வேறு இடத்துக்கு அது பயன்படாவிட்டால், 6 சதவீதத்துக்கு மேல் காயலான் கடைக்குத்தான். சுருளில் அந்தப் பேச்சே இல்லை. மெஷின் நிமிர்த்தும், வளைக்கும், வெட்டும், அடுத்த ரிங்குக்குப் போய்விடும்.

ஆக, மெஷினுக்குக் காசு போடக் கணக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் டீகாயிலருக்கு வரும்போதுதான், ‘அது சும்மா சுத்துற மேசைதானே’ என்று கை சுருங்கிவிடுகிறது.

சும்மா சுத்துற மேசையா?

முதல் விஷயம், சுருள் ஏன் சுழல வேண்டும்? அதைத் தரையில் போட்டுவிட்டு நுனியைப் பிடித்து இழுத்தால் போதாதா? இழுக்கலாம். ஆனால், ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் கம்பி தன்னைத்தானே ஒரு முறை முறுக்கிக்கொள்ளும். தோட்டத்து ஹோஸ் பைப்பை அப்படி இழுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். முறுக்கு ஏறிய கம்பியில் செய்த ரிங் தரையில் படிந்து உட்காராது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். சுருளே சுழன்று கம்பியை விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, பிரேக். உண்மையான வில்லங்கம் இங்கேதான். நிமிர்த்தும் மெஷின் ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று நின்று ஓடும். மெஷின் நின்றாலும் 2 டன் எடை உடனே நிற்குமா? சுழன்றுகொண்டே இருக்கும். தேவைக்கு மேல் பிரிந்த சுற்றுகள் தளர்ந்து சரியும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கும். மெஷின் மறுபடி இழுக்கும்போது அந்தச் சிக்கு கல்முடிச்சாக இறுகும். அப்போது கம்பி அறலாம், தரையில் சரியாகப் பதிக்காத மேசையே சாயலாம்.

நல்ல டீகாயிலரில் இதற்கு வழி உண்டு. கம்பியின் இழுவையை உணரும் ஒரு கை இருக்கும். இழுவை குறைந்தால் பிரேக் பிடிக்கும். சிக்கி இழுவை எகிறினால் மெஷினையே நிறுத்திவிடும். பழைய லாரி ஆக்சிலில் தட்டை வெல்டிங் செய்து தயாரித்த மேசைகளும் புழக்கத்தில் உண்டு. சொந்தமாகச் செய்வதில் தப்பில்லை. சுழல்வதற்கு வழி செய்துவிட்டு, நிறுத்துவதற்கு வழி செய்யாததுதான் தப்பு.

பட்டையை வெட்டும் அந்த நொடி

வளைத்துக் கட்டிய எஃகு ஒரு வகையில் ஸ்பிரிங்தான். மேம்பாலம், மெட்ரோ பாலங்களின் கான்கிரீட்டுக்குள் போகும் ‘ஸ்ட்ராண்ட்’ எனப்படும் 7 இழைக் கம்பியில் இது இன்னும் மோசம். 12.7 மி.மீ. தடிமனுள்ள அந்தக் கம்பி அறுபட 18 டன்னுக்கு மேல் இழுக்க வேண்டும். நேராக இருப்பதற்கென்றே பதப்படுத்தப்பட்டது. சுருட்டி வைத்தாலும் நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் சுருளை முதலில் இரும்புக் கூண்டுக்குள் இறக்கி, பூட்டி, பிறகே பட்டையை வெட்ட வேண்டும். கம்பியை உள்பக்கத்திலிருந்து உருவுவார்கள். கூண்டுக்கு வெளியே வெட்டினால் நுனி சாட்டையாக வீசும். எதிரே இருப்பது முகமோ கழுத்தோ, அதற்குத் தெரியாது.

சாதாரணக் கம்பிச் சுருளுக்கும் வரிசை இதுதான்: மேசையில் ஏற்று, நுனியைப் பிடித்துக் கட்டு, பக்கவாட்டில் நில், நீளக் கைப்பிடி கட்டரால் வெட்டு. நுனியை ஒட்டிய பட்டை கடைசியில். சில இடங்களில் கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஸ்ட்ராண்டில் சூடு பட்டால் வலுவே போய்விடும். அந்தத் துண்டு பாலத்துக்குள் போகக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்பது புதிதல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவே அதைச் சொல்லிவிட்டது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1996 சட்டமும் இருந்தது. இப்போது இரண்டையும் உள்வாங்கிய 2020 பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. விதி இல்லாதது பிரச்சினை இல்லை.

கூலி எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கம்பி வேலைக்குப் பெரும்பாலும் டன் கணக்கில் ரேட். சுருள் சிக்கி மெஷின் நின்றால், அந்த அரைமணி நேரம் போவது கம்பி கட்டுபவரின் பாக்கெட்டிலிருந்து. அதனால்தான் மேசை சுழலும்போதே, ‘ஒரு நிமிஷம்ண்ணே, எடுத்து விட்டுர்றேன்’ என்று கம்பியால் சிக்கைத் தள்ளப் போகிறார்கள். ஹெல்மெட் போடச் சொல்லும் போர்டுக்குக் கீழேயே இது நடக்கும்.

ஒப்பந்தத்திலும் கம்பி டன்னாக வரும். டீகாயிலர், அதைச் சுற்றிய வேலி, கூண்டு எல்லாம் அந்த ரேட்டுக்குள்ளேயே கரைந்துவிடும். குறைந்த ரேட் கேட்டவர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். பிரேக் உள்ள டீகாயிலரையும் வேலியையும் தனி ஐட்டமாகப் போட்டு, சைட்டில் பார்த்த பிறகே பில் பாஸ் செய்ய வேண்டும். சிக்கெடுக்க மெஷின் நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு என்று எழுதிவிட்டால், ஓடும் மேசைக்குள் கை விட யாருக்கும் அவசரம் இருக்காது.