ஒரு தாய் கேட்ட 90 கோடி டாலர் கேள்வி!

"டேப்லெட்" என்றதும், காய்ச்சலுக்குப் போடும் மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள்.

இது வேறு டேப்லெட். பள்ளிக்கூடத்துச் சிலேட்டு போல இருக்கும். விரலால் தொட்டால் படம் வரும். பாட்டு வரும். பாடமும் வரும். ஊரில் இதைச் சுருக்கமாக "டேப்" என்கிறார்கள்.

இந்த டேப்பால் ஒரு வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது!

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தக்காளி பயிரிடும் குடும்பம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அந்த வீட்டுப் பெண் தர்மபுரியில் கல்லூரியில் சேர்ந்தாள். படிப்பு, பி.காம்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவாக இருந்த மாவட்டம் தர்மபுரி. நூற்றுக்கு ஏறத்தாழ 68 பேர்தான். அப்படிப்பட்ட மாவட்டத்தில், ஒரு விவசாயி வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போகிறாள் என்றால், அது சாதாரண செய்தியா?

மகளுக்கு ஒரு டேப் வாங்கித் தரவேண்டும் என்று தாயாருக்கு ஆசை. கையில் பணம் இல்லை. காதில் தோடு இருந்தது. அடகு வைத்துவிடலாம் என்றார்.

எந்த டேப் வாங்குவது? அங்கேதான் வாக்குவாதம் தொடங்கியது.

மாமனும் மருமகனும்

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான்.

"வாங்கினா ஆப்பிள் டேப்தாம்மா வாங்கணும். எங்க ஆபீஸ்ல பெரிய ஆளுங்க கையில எல்லாம் அதுதான் இருக்கு" என்றான்.

தாயாரின் தம்பி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அவர் விடவில்லை.

"அது படம் பார்க்கத்தான் மாப்ளே நல்லா இருக்கும். மைக்ரோசாப்ட்காரன் சர்ஃபேஸ்னு ஒண்ணு விக்கிறான். கீபோர்டு மாட்டிக்கலாம். விண்டோஸ் ஓடும். படிக்கிற புள்ளைக்கு அதுதான்" என்றார்.

ஒருவர் விலையைச் சொன்னார். ஒருவர் பெயரைச் சொன்னார். சோறு ஆறிப்போனது.

கடைசியில் தாயார் வாயைத் திறந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொல்றது இருக்கட்டும். பாப்பா அதுல என்ன வேலை செய்யணும்? அந்த வேலை அதுல நடக்குமா? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வாசகர்களே, இது சின்னக் கேள்வி அல்ல. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாமல் கடைக்கு வந்த ஒரு டேப்பால், உலகின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனிக்கு 90 கோடி டாலர் நஷ்டம் ஏற்பட்டது! அந்தக் கதையைக் கேளுங்கள்.

முந்தியவர் யார்?

கம்ப்யூட்டரில் இரண்டு பகுதி உண்டு. கையால் தொடக்கூடிய பெட்டி ஒன்று. அதை நடத்தும் மென்பொருள் ஒன்று. வண்டியும் வண்டிக்காரனும் போல.

மைக்ரோசாப்ட், 1975-ல் பில் கேட்சும் பால் ஆலனும் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி. மென்பொருள் எழுதி விற்பதுதான் அதன் முக்கியத் தொழில். "விண்டோஸ்" என்ற அதன் மென்பொருள்தான் உலகில் பெரும்பாலான கம்ப்யூட்டர்களை நடத்துகிறது. ஜெராக்ஸ் கடையில் இருப்பதும் அதுதான். தாலுகா அலுவலகத்துக்குப் போனாலும் அதைப் பார்க்கலாம்.

ஆப்பிள், 1976-ல் தோன்றிய கம்பெனி. பெட்டியையும் மென்பொருளையும் தானே உருவாக்கும்.

டேப் யோசனை முதலில் யாருக்கு வந்தது? ஆப்பிளுக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் மைக்ரோசாப்ட் அதற்கு முன்பே முயன்றது. இன்னும் 5 ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கம்ப்யூட்டர் இதுவாகத்தான் இருக்கும் என்று 2001-லேயே பில் கேட்ஸ் சொன்னார். 2002-ல் அவை கடைக்கு வந்தன. கனம் அதிகம். விலையும் அதிகம். தொட்டு எழுதத் தனிப் பேனா வேண்டும். மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

2010-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி, ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை உலகுக்குக் காட்டினார். முக்கால் கிலோவுக்கும் குறைவான எடை. பேனா வேண்டாம், விரல் போதும். ஏப்ரல் 3-ந் தேதி விற்பனை தொடங்கியது. முதல் நாளே 3 லட்சம் விற்றது. 28 நாளில் 10 லட்சம்!

குழந்தை தொட்டது, பாட்டி தொட்டார். யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதுதான் ஐபேடின் வெற்றி.

சர்ஃபேஸ் வந்தது

மைக்ரோசாப்ட் சும்மா இருக்குமா? 2012-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி, அதன் தலைவர் ஸ்டீவ் பால்மர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் "சர்ஃபேஸ்" டேப்பை அறிமுகப்படுத்தினார். பெரும்பாலும் மென்பொருளை மட்டும் விற்று, கம்ப்யூட்டரைப் பிற கம்பெனிகள் செய்யட்டும் என்று விட்டிருந்த கம்பெனி, தானே டேப் செய்து கடை விரித்தது!

அதில் நல்ல யோசனைகள் இருந்தன. பின்னால் ஒரு தாங்கி. அதை விரித்தால் டேப் மேஜையில் நிற்கும். மேல்மூடியே கீபோர்டு. மூடினால் சிலேட்டு; திறந்தால் தட்டச்சு இயந்திரம்!

அதே ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 499 டாலர். முதல் ஐபேடின் தொடக்க விலையும் அதுவே. ஆனால் கீபோர்டு மூடியைத் தனியாக வாங்கினால் ஏறத்தாழ 120 டாலர் கூடுதல்.

வாங்கியவர்கள் ஆசையோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். விண்டோஸ் போலவே திரை. விண்டோஸ் என்றே பெயர். வழக்கமான விண்டோஸ் மென்பொருளை ஏற்றிப் பார்த்தார்கள்.

ஏறவில்லை!

காரணம் என்ன? கம்ப்யூட்டரின் மூளையைச் "சிப்" என்பார்கள். அந்த முதல் சர்ஃபேசின் மூளை வேறு வகை. அதற்கென எழுதிய விண்டோசுக்கு "விண்டோஸ் ஆர்.டி." என்று பெயர். கடிதம் எழுத வேர்டு இருந்தது. கணக்குப் போட எக்செல் இருந்தது. மற்றபடி, 20 ஆண்டுகளாக உலகம் சேர்த்து வைத்திருந்த விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடவில்லை. புதிய செயலிகளும் ஐபேடுக்கு இருந்த அளவுக்கு இல்லை.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பெட்டியில் 32 ஜி.பி. இடம் என்று போட்டிருந்தது. அதில் பாதியை மென்பொருளே பிடித்துக்கொண்டது. வாங்கியவருக்கு மிஞ்சியது ஏறத்தாழ 16 ஜி.பி.தான்.

நினைத்த அளவுக்கு விற்கவில்லை. 2013 ஜூலையில் விலையை 150 டாலர் குறைத்தார்கள். தேங்கிய சரக்குக்காக 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். நம் பணத்தில் அன்றைய மதிப்பு 5 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

யார் சொன்னது சரி?

அப்படியானால் ஐபேட் கட்சி ஜெயித்துவிட்டதா? அவசரப்படாதீர்கள்.

ரொட்டி வாட்டும் கருவியையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஒன்றாக்கலாம், ஆனால் அது யாருக்கும் பிடிக்காது என்று 2012-ல் ஆப்பிள் தலைவர் டிம் குக் கிண்டல் செய்தார். டேப்பையும் லேப்டாப்பையும் ஒன்றாக்கக் கூடாது என்பது அவர் வாதம். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஒன்றாகச் செதுக்காதே என்பதைப் போல.

ஆனால் 2015-ல் என்ன நடந்தது? அதே ஆப்பிள், பெரிய ஐபேட் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு மூடியே கீபோர்டு! எழுத ஒரு பேனா!

மைக்ரோசாப்டும் மாறியது. ஐதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரியில் அதன் தலைவரானார். மார்ச் 27-ந் தேதி, வேர்டும் எக்செலும் இனி ஐபேடிலும் கிடைக்கும் என்று அறிவித்தார். தன்னுடைய பெரிய ஆயுதத்தையே போட்டிக்காரனின் பலகைக்குக் கொடுத்தார்!

சர்ஃபேசும் செத்துப்போகவில்லை. வழக்கமான விண்டோஸ் மென்பொருள்கள் ஓடும் "சர்ஃபேஸ் புரோ" 2013 பிப்ரவரியில் வந்தது. படிப்படியாகத் திருந்தி, தனக்கென ஓர் இடத்தைப் பிடித்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. சர்ஃபேசின் யோசனை சரி. 2012-ல் அது கொடுத்த வாக்குத்தான் பொய்த்தது. ஐபேட் கொஞ்ச வேலைதான் செய்தது. ஆனால் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது. முதல் சர்ஃபேஸ் எல்லாம் செய்வேன் என்று தோற்றம் காட்டிவிட்டு, பாதியில் கையை விரித்தது.

கடன் வாங்கிப் பொருள் வாங்கும் வீட்டுக்கு, குறைவாகச் சொல்லி நிறைவாகச் செய்யும் பொருள்தான் துணை.

விலை குறைந்தால் போதுமா?

"எங்களுக்கு எதற்குப் பெரிய கம்பெனி? விலை குறைவாக வாங்கிக்கொள்கிறோம்" என்று சிலர் சொல்லலாம். அதிலும் கவனம் வேண்டும்.

மாணவர்களுக்காக "ஆகாஷ்" என்ற மலிவு டேப்பை 2011 அக்டோபர் 5-ந் தேதி மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. உலகிலேயே மலிவான டேப் என்று பேசப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால் திரை விரலுக்குச் சட்டென்று அசையவில்லை. வேகம் இல்லை. சார்ஜ் சீக்கிரம் தீர்ந்தது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

பெயரைப் பார்த்து மயங்குவது ஒரு தவறு. விலையைப் பார்த்து மயங்குவது இன்னொரு தவறு.

வாங்கும் முன் கேளுங்கள்

இந்தக் கேள்வி இன்று எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று, 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. கைக்கணினி என்றால் டேப். மடிக்கணினி என்றால் லேப்டாப். அரசே "இதுவா, அதுவா?" என்ற பேச்சை எடுத்தது, பாருங்கள்!

சொந்தப் பணத்தில் வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: என் பிள்ளையின் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் இதில் ஓடுமா? "ஓடும்" என்றால், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு: கீபோர்டு, பேனா, உறை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

மூன்று: பெட்டியில் போட்டிருக்கும் இடத்தில், எனக்கு மிஞ்சுவது எவ்வளவு?

நான்கு: சிக்னல் இல்லாத இடத்திலும் இது வேலை செய்யுமா? மலையூர்ப் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம்.

ஐந்து: கெட்டுப்போனால் தர்மபுரியிலேயே பழுது பார்க்கலாமா? பெங்களூருக்கோ சேலத்துக்கோ அலைய வேண்டுமா?

இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சந்தையில் மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். 30 ஆயிரம் ரூபாய்ப் பொருளைப் பார்க்காமல் வாங்கலாமா?

அந்த வீட்டில் என்ன நடந்தது?

தாயார் கேட்ட கேள்விக்கு மகளே பதில் சொன்னாள்.

"டேலியில கணக்குப் போடப் பழகணும்மா. நிறைய டைப் அடிக்கணும். தமிழ்லயும் அடிக்கணும்."

டேலி என்பது கடைக் கணக்கு எழுதும் மென்பொருள். அது விண்டோசுக்காக எழுதப்பட்டது. ஐபேடில் அதை நேராக ஏற்ற முடியாது. சர்ஃபேஸ் புரோவில் ஓட்டலாம். ஆனால் அதன் விலை இந்தியாவில் ஐபேடைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

அப்புறம் என்ன? மகன் சொன்னதும் வேண்டாம், மாமன் சொன்னதும் வேண்டாம் என்று முடிவாயிற்று. விண்டோஸ் ஓடும் சாதாரண லேப்டாப் ஒன்று வாங்கினார்கள். தக்காளி விற்ற பணத்தில் பாதி. அண்ணன் சம்பளத்தில் பாதி.

படம் வரையவும் கதை படிக்கவும் ஆசைப்படும் சிறு பிள்ளையாக இருந்தால், டேப்பே நல்லது என்று நானே சொல்லியிருப்பேன். வேலைக்குத் தகுந்த கருவி. அவ்வளவுதான்.

இதை நமக்கு அமெரிக்கா சொல்லித்தர வேண்டியதில்லை. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அவனுக்காக அவ்வையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைப் பெருமையாகக் காட்டினான். வேல்களில் மயில்பீலி. நெய் பூசிய பளபளப்பு.

அவ்வையார் என்ன சொன்னார் தெரியுமா? உன் ஆயுதங்கள் அழகாகக் கிடங்கில் இருக்கின்றன. எங்கள் அதியமானின் ஆயுதங்களோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார்! புகழ்வது போலக் குத்திக்காட்டிய இந்தப் பேச்சு புறநானூற்றில் இருக்கிறது.

சென்ற மாதம் அந்தப் பாலக்கோட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் லேப்டாப்பில் ஏதோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கீபோர்டில் நாலைந்து எழுத்துகள் தேய்ந்து மறைந்திருந்தன.

காப்பி கொண்டுவந்து கொடுத்தார் தாயார். காதில் தோடு இருந்தது.