ஓட்டை சின்னதா, பெரிசா?

ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. போன வாரம் நாசிக்கிலிருந்து நண்பர் போன் பண்ணினார். "அம்மாவுக்குக் கணையத்துல கட்டின்னு சொல்றாங்க. உங்க வீட்ல செஞ்சுக்கிட்டாங்களே, அதே லேப்ராஸ்கோப்பி பண்ணிடலாமா?" இனிமேலும் எழுதாமல் இருந்தால் தப்பு.

2022-ல் தங்கமணிக்கு விலாவில் வலி. வயசு 33. கிட்னி கல்லாக இருக்கும் என்று இங்கே புனேயில் ஸ்கேன் எடுத்தால், கணையத்தின் வால் பகுதியில் கட்டி. முதலில் போன ஆஸ்பத்திரியில், "சின்ன ஓட்டை போட்டு எடுத்துடலாம், நாலே நாள்ல வீடு, திங்கட்கிழமை அட்மிட் ஆகுங்க" என்றார்கள். என்ன கட்டி என்று கேட்டால், "எடுத்தப்புறம் தெரியும்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த 'நாலு நாள்' என் காதில் தேனாகப் பாய்ந்தது. லீவு ஆறு நாள்தான் பாக்கி. பையனுக்குப் பரீட்சை. முட்டி வலியோடு அம்மாவால் திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏற முடியாது. வெளியூரில் குடித்தனம் நடத்தும் நம் வீடுகளில் ஆபரேஷனை முடிவு செய்வது பல நேரம் டாக்டர் இல்லை, லீவு லெட்டர்தான். அது தப்பு என்பதுதான் என் கட்சி. ஓட்டையின் அளவு மூணாவது கேள்வி.

முதல் கேள்வி, இது என்ன கட்டி? கணைய நீர்க்கட்டிகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. சீரஸ் வகை புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம். தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். மியூசினஸ் வகை மாறக்கூடும். இன்னொன்று, பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும் அபூர்வக் கட்டி, சாலிட் சூடோபாப்பிலரி என்று பேர். 1959-ல் ஃப்ரான்ட்ஸ் என்ற பெண் டாக்டர் விவரித்தது. முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி. வேறு ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக ஊசியில் எடுத்துப் பார்த்ததில், தங்கமணிக்கு இருந்தது இதுதான்.

இரண்டாவது, எங்கே இருக்கிறது, செய்பவர் எத்தனை செய்திருக்கிறார்? நெதர்லாந்தில் நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவு 2019-ல் வந்தது. வால் பக்க ஆபரேஷனில் ஓட்டை முறையில் செய்தவர்கள் தேறியது 4 நாளில், திறந்து செய்தவர்கள் 6 நாளில். ஆனால் கணைய நீர்க் கசிவு ஓட்டை முறையால் குறையவில்லை. தலைப் பக்கம் வேறு கதை. கணையத் தலை, பித்தப்பை, முன்சிறுகுடல் எல்லாம் எடுத்து, மிச்சத்தைக் குடலோடு ஒட்டுப்போடும் விப்பிள் ஆபரேஷன் அது. பயிற்சி பெற்றவர்கள் செய்தும் ஓட்டை முறையில் 50 பேரில் 5 பேர் இறந்தார்கள், திறந்து செய்ததில் 49-ல் ஒருவர். பாதுகாப்பு கருதி ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அதே கணையம், அதே சின்ன ஓட்டை!

எங்கள் டாக்டரிடம் எண்ணிக்கையைக் கேட்டேன். கோபப்படாமல் சொன்னார். மண்ணீரலையும் எடுக்க நேரலாம் என்று இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகள் போடச் சொன்னார். பின்னால் சர்க்கரை வரலாம் என்றும் சொன்னார். முதல் ஆஸ்பத்திரியில் இதில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை.

லேப்ராஸ்கோப்பிதான் செய்தார். மண்ணீரல் தப்பியது. ஆனால் கசிவு வந்து, வயிற்றில் டியூபோடு மூணு வாரம் வீட்டில். பக்கத்து வீட்டு மராட்டி மாமி தினமும் பருப்பும் சோறும் கொண்டு வந்து கொடுத்தார். லீவு? சம்பளம் இல்லாமல்தான். இப்போது வருஷா வருஷம் ஸ்கேன் மட்டும். நன்றாக இருக்கிறாள்.

நண்பரின் அம்மாவுக்கு எழுபது வயசு. கட்டி தலைப் பகுதியில். வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்தது, தொந்தரவு எதுவும் இல்லை. "உங்க அம்மாவுக்கு ஆபரேஷன் தேவையா என்பதையே முதலில் கேளுங்க. லேப்ராஸ்கோப்பியா இல்லையா என்பது அப்புறம்" என்றேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மோட்டார் கம்பெனி இஞ்சினியர். கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் சொன்னேன், பதில்களை உங்கள் டாக்டரிடம் வாங்குங்கள்.